கண்களை மூடச் சொல்லி எடுத்த வாக்கெடுப்பு

அனுப்புநர்
மகளிர் பிரிவுப் பயிற்சியாளர்,
ஆயுள் உறுப்பினர்,
தேசியத் தற்காப்புக் கலைக் கூட்டமைப்பு.

பெறுநர்
சங்கங்களின் பதிவாளர் அவர்கள்,
பதிவுத் துறை.

பொருள்: கூட்டமைப்பு உறுப்பினர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் தீர்மானத்தை நிறுத்திவைத்து மறு வாக்கெடுப்பு நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். மாலையில் ஒரு பள்ளி விளையாட்டுக்கூடத்தில் பெண்களுக்குத் தற்காப்புக் கலை சொல்லித் தருகிறேன். இரண்டாம் நிலைக் கறுப்புப் பட்டை பெற்றவள். இதுவரை எவர்மீதும் புகார் எழுதியதில்லை.

2. பயிற்சி முடிந்ததும் விரிப்பில் பட்டை வரிசைப்படி, மூத்தவர்கள் முன்னால் இருக்க, மண்டியிட்டு, கண்களை மூடி, சற்று நேரம் அமைதியாக இருப்பது எங்கள் வழக்கம். மூத்தவர் சொல்லும்வரை கண் திறப்பது மரியாதைக் குறைவு. நல்ல வழக்கம்தான். ஆனால் எங்கள் பொதுக்குழுவும் அதே விரிப்பில், அதே வரிசையில், கண்களை மூடியபடியேதான் வாக்களிக்கிறது. யார் எப்படி வாக்களித்தார் என்பது பிறருக்குத் தெரியக்கூடாதாம். எதிரே நிற்கும் தலைவரும் செயலாளரும் மட்டும் கண்களைத் திறந்து கைகளை எண்ணுவார்கள். எனக்குத் தெரிந்து எந்தத் தீர்மானமும் தோற்றதில்லை. அப்போதெல்லாம் என் கண்கள் மூடியிருந்தபடியால் அவற்றைப் பற்றி வேறெதுவும் சொல்ல இயலாது.

3. சென்ற மாதப் பொதுக்குழுவில், இனி நான்காம் நிலைக் கறுப்புப் பட்டையும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே வாக்கு என்று ஒரு தீர்மானம் வந்தது. அந்த நிலையை வழங்குபவர் தலைவர். ஆக, தம்மைத் தேர்ந்தெடுப்பவர்களை இனி அவரே தேர்ந்தெடுப்பார். பள்ளிகளில் பயிற்சி தருபவர்களில் பெரும்பாலோரும், பெண்களில் ஒருவர் விடாமல் எல்லோரும் வாக்கிழப்போம். தேசிய அணிக்கு யாரை, எதற்காக எடுத்தீர்கள் என்று கேட்க எங்களிடம் இருப்பது அந்த வாக்கு ஒன்றுதான்.

4. எங்கள் சீருடை தடித்த பருத்தித் துணி. கையைத் தூக்கினால் சடசடக்கும். "ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்" என்று செயலாளர் சொன்ன பிறகு, முதல் வரிசையில் லேசான சடசடப்பு கேட்டது. எனக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கண்களைத் திறந்து, திரும்பியும் பார்த்தேன். மூத்தவர்கள் வரிசையில் ஐந்து கைகள் உயர்ந்திருந்தன. மற்ற எல்லோருடைய கைகளும் தொடைமீதே இருந்தன. "ஏகமனதா நிறைவேறிடுச்சு" என்றார் செயலாளர். எதிர்ப்பவர்கள் உண்டா என்று கேட்கவே இல்லை.

5. எழுந்து ஆட்சேபித்தேன். தலைவர் கோபப்படவில்லை. "மேடம், ஒரு நிமிஷம் கண்ண மூடிட்டு உக்கார முடியல, நீங்க புள்ளைங்களுக்கு என்னத்த ஒழுக்கம் சொல்லித் தருவீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த சக பயிற்சியாளர் என் சட்டைக் கையை இழுத்து, "உக்காருக்கா, வெளிய போய்ப் பேசிக்கலாம்" என்றார். தானும் கை தூக்கவில்லை என்று பேருந்து நிறுத்தத்தில் சொன்னார். அதை எழுதித் தர அவருக்குத் தயக்கம். அவர் மகள் அணித் தேர்வுக்குக் காத்திருக்கிறாள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

6. அடுத்த வாரம் ஒழுங்கு நடவடிக்கைக் குழு என்னை அழைத்தது. ஐந்து கைகளைத்தான் பார்த்தேன் என்று மறுபடியும் சொன்னேன். "சும்மா சொல்லாதீங்க மேடம். நீங்க திரும்புறதுக்குள்ள பின்னாடி இருந்தவங்க எல்லாரும் கைய எறக்கிட்டாங்க. பின் வரிசையில பத்து பேர் அதப் பாத்திருக்காங்க" என்றார் செயலாளர். வாக்கெடுப்பின்போது கண் திறந்த குற்றத்துக்காக என்னை ஓராண்டு இடைநீக்கம் செய்வதாக அங்கேயே அறிவித்தார்கள். தேர்தல் அடுத்த மாதம்.

7. என் கண் என்னை ஏமாற்றியிருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. அதனால்தான் அந்தப் பத்துப் பேரைத் தாங்கள் தனித்தனியே அழைத்து, எத்தனை கைகளைப் பார்த்தார்கள் என்று விசாரிக்கக் கோருகிறேன். அவர்களில் ஒருவரும் இடைநீக்கம் செய்யப்படவில்லை. பார்த்தது குற்றமில்லை என்றால் இடைநீக்கத்தால் போன என் வாக்கு எனக்குத் திரும்ப வர வேண்டும். அவர்கள் பார்க்கவே இல்லை என்றால் அந்தத் தீர்மானத்துக்குச் சாட்சி யாரும் இல்லை.

8. எதுவாயினும், தேர்தலுக்கு முன்பே தங்கள் அலுவலர் ஒருவர் முன்னிலையில், வாக்குச் சீட்டு முறையில், எல்லோரும் கண்களைத் திறந்திருக்க, இத்தீர்மானத்தை மறுபடியும் வாக்கெடுப்புக்கு விட ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதில் நான் தோற்றாலும் ஏற்றுக்கொள்வேன்.

இடம்: பள்ளி விளையாட்டுக்கூடம்
நாள்: மார்ச் 14

இப்படிக்கு,
(ஒப்பம்)
மகளிர் பிரிவுப் பயிற்சியாளர்