பஞ்சுவின் ஈரமான மோவாய்

செவ்வாய், இரவு

இன்று பஞ்சுவின் மோவாய்க்குக் கீழே ரோமம் நனைந்திருந்தது. தண்ணீர் என்று துடைத்தேன். அரை மணி நேரத்தில் மறுபடியும் ஈரம். எச்சில்.

பஞ்சு ஒரு சின்சில்லா, எலி இனத்து வளர்ப்புப் பிராணி; அதற்குப் பல் சாகும்வரை வளருமாம். காய்ந்த புல்லை மென்றால்தான் தேயும். போன மாதம் இரண்டாம் தடவையாகக் கடைவாய்ப் பல்லை ராவிவிட்டு டாக்டர் சொன்னார்: "புல்லு மட்டும் குடுங்க. இன்னொரு மயக்க ஊசிய இது தாங்குமான்னு தெரியல."

பஞ்சுவை வளர்க்கும் நித்யா அக்கா பெங்களூர் போனதிலிருந்து, அபிராமபுரத்தில் அவர் வீட்டுக்குப் போய் நான்தான் அதைப் பார்த்துக்கொள்கிறேன். நாலு நாளாகப் பஞ்சு புல்லைத் தொடவில்லை. பட்டினி கிடக்கிறதே என்று பொட்டுக்கடலை கொடுத்தேன். ஆசையாகத் தின்றது. இன்று அதையும் வாயில் வைத்துவிட்டுக் கீழே போட்டது; பல் மறுபடி வளர்ந்து குத்துகிறது போல.

சாயங்காலம் அக்கா போனில், "புல்லு சாப்பிடுறானாடி?" என்றார்.

"சாப்பிடுறான்க்கா."

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இன்னாடி, அந்த எலிக்கு இன்னாவோ ஆன மாதிரி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீற?" என்று சிரித்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் சிரிப்பை நிறுத்தினாள்.

பஞ்சு அங்கே தனியாக இருக்கிறது. டாக்டர் நம்பர் அக்காவிடம்தான். "நாலு நாளா புல்லு சாப்பிடலக்கா, பொய் சொல்லிட்டேன்" என்று இப்போதுதான் மெசேஜ் அனுப்பினேன்.