மாலதிதியின் கைராசி

இன்று காலை ஆபீஸ் லிஃப்டில் புளித்த மாவு வாசனை. அடையாள அட்டை மாட்டிய எட்டுப் பேர் மூக்கைச் சுளிக்க, கேன்டீனுக்குப் போகும் வாளி நடுவில் ஜம்மென்று நின்றது. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. அது உன் கடை வாளி. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகப் போகிறது. வாளி தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

வேலைக்காக இந்த வங்காள ஊருக்கு வந்த புதிதில், லேக் மார்க்கெட்டில் உன் இட்லி மாவுக்கடையைக் கண்டுபிடித்தேன். இரண்டாம் நாளே "ஏட்டி" என்று கூப்பிட்டாய். நீயும் நெல்வேலிப் பக்கம் என்று கேட்காமலே தெரிந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் சால்ட் லேக்கில் எங்கள் ஆபீஸ் கேன்டீன் உன்னிடம் மாவு கேட்டது. கோடையில் ஒரு மாதம் சோதனை. ஒரு நாள் அளவு மீறிப் புளித்துப் பொங்கினாலும் ஆர்டர் போச்சு. இங்கத்திய புழுக்கத்தில் மாவு எத்தனை மணி நேரத்தில் பொங்கும் என்று உனக்கே பிடிபடவில்லை. நீ பயந்து அன்றுதான் பார்த்தேன்.

நான் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாயை விட்டேன். உன் நோட்டில் தேதி, மழை, அரைத்தது யார், பொங்கிய நேரம் எல்லாம் இருந்தன. கம்ப்யூட்டர் கண்டபடி நூறு சூத்திரம் எழுதும், நோட்டோடு ஒத்துப்போகாததைக் கழிக்கும், மிஞ்சியவற்றில் இரண்டிரண்டை வெட்டி ஒட்டிப் பிள்ளைகள் உண்டாக்கும், அவற்றையும் சோதிக்கும் என்று விளக்கினேன்.

"சாதகம் பாக்காமலா கட்டி வைக்க? இந்தக் கல்யாண புரோக்கர் வேலைக்கா இன்ஜினியரிங் படிச்ச?" என்றாய்.

தேறிய சூத்திரங்கள் எல்லாவற்றிலும் ஒரு விநோதம். உன்னோடு கடையில் இருக்கும் வங்காளத்து மாலதிதி, அதாவது மாலதி அக்கா, அரைத்த நாட்களில் மட்டும் தேதியிலிருந்து முப்பதைக் கழித்தன. வெட்டி எறிந்தால் அடுத்த தலைமுறையில் மறுபடி முளைத்தது. அவள் அரைத்தால் ஐப்பசியில் மாவு சீக்கிரம் பொங்குகிறது, பங்குனியில் தாமதமாகிறது.

"குளிருக்குச் சூடு, வெயிலுக்குக் குளிர்ச்சி. அப்பேர்ப்பட்ட கைராசி!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாய். மாலதிதி ஒரு வாரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு திரிந்தாள்.

பிறகு ஒருநாள் அவள் சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். அன்று அவர்களுடைய பொய்ஷாக் மாதம் முதல் தேதி, வருடப் பிறப்பு. நீ நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தாய். சித்திரை இரண்டு.

"ஏட்டி, வைகாசிக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் நாட்களைத் தமிழ்த் தேதியில் நீ எழுத, தன் நாட்களை அவள் வங்காளத் தேதியில் எழுதியிருந்தாள். கடைப் பலகைகளைப் பார்த்து வங்காள எழுத்துக் கற்ற நான், பொய்ஷாக்கை வைகாசி என்றும் ஆஷாடை ஆடி என்றும் பெருமையோடு மாற்றி வைத்திருந்தேன். பெயர்தான் ஒன்று, அவர்கள் மாதம் நமக்கு ஒரு மாதம் முந்தியே வந்துவிடும். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாத கணக்கு அதைக் கண்டுபிடித்துக் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

மாலதிதி வீட்டுக்குப் போனதும், கிரைண்டரை நிறுத்திவிட்டு நீயும் நானும் சிரித்தோம். தேதிகளைத் திருத்தியதும் முப்பது தானாகக் காணாமல் போனது. கேன்டீன் சோதனையில் ஒரு நாளும் மாவு ஏமாற்றவில்லை. ஆர்டர் கிடைத்த அன்று என்னைத் தனியே அழைத்தாய்.

"மாலதிகிட்ட சொல்லிராதட்டி. கைராசின்னு ஆசையா இருக்கா."

நீ போன பிறகு அவள்தான் கடையை நடத்துகிறாள். முதல் வாரம் தனியாக அரைக்கப் பயந்தாள். "என் கை அந்த கணக்குல இன்னும் இருக்கா?" என்று தன் தமிழில் என்னைக் கேட்டாள். நீ சொல்லிராதே என்றதை நினைத்துக்கொண்டேன். இருக்கிறது என்றேன். அன்றே சூத்திரத்தின் கடைசியில் ஒரு துண்டை என் கையால் சேர்த்தேன்: கூட்டல் மாலதி, பெருக்கல் சுழியம். பெயரைப் பெரிதாகவும் சுழியத்தைப் பொடியாகவும் போட்டு, அச்சடித்துக் கடைச் சுவரில் ஒட்டினேன்.

அவள் பெயரை மட்டும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கிரைண்டரில் அரிசியைக் கொட்டினாள்.