மாமாவின் கட்டிலடித் தரை

14 நவம்பர் 1981, சனி

என் மாமனார் அறையில் கட்டிலோரம் பிளைவுட் தரை ஊறி, அடுக்கடுக்காகப் பெயர்ந்துவிட்டது. "கூரை ஒழுகுது தாயி" என்றார் மாமா. இவர் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். தகரத்தில் ஒரு பொத்தல்கூட இல்லை.

கெட்ட பலகையைப் பெயர்த்து எடுத்தபோதுதான் எனக்கு மூத்திர வாடை அடித்தது. மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தக் குளிரில் வெளியே இருக்கிற கக்கூசுக்கு ராத்திரி எப்படிப் போவார், பாவம்.

"எங்கயும் ஒழுகலையேப்பா" என்றார் இவர்.

"நேத்து சொட்டுனத நான் பாத்தேங்க" என்றேன். "காத்தடிச்சா சாரல் உள்ள வருது. வெரசா புதுப் பலகையப் போடுங்க."

இவர் அளந்து, அறுத்து, ஆணி அடித்தார்.

சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் மூடி போட்ட வாளி ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன். "ஒழுகுனா இதுல புடிச்சுக்கலாம் மாமா. வெள்ளனே நான் எடுத்து ஊத்திருவேன்."

மாமா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒழுகுறதுக்கு மூடி எதுக்கு தாயி?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். கண் கலங்கிவிட்டது.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றுதான் படுகிறது.