அம்மாவின் காசு ஜப்பானில் இருக்கிறது

ஜனவரி 12

போர்வைக்குள் எழுதுகிறேன். மத்தியானம் அப்பா தோட்டத்துக்குப் போயிருந்தபோது அம்மாவின் போனில் காசு அனுப்பும் பொத்தானை அழுத்தியது நான்தான். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து படிக்கத் தெரியாது. "அமுக்கு, என்னட்டி பாத்துக்கிட்டு நிக்க" என்றாள். அமுக்கிவிட்டேன்.

எஸ்டேட்டில் இத்தனை வருஷம் குனிந்து குனிந்து ஏலக்காய் எடுத்து, இடுப்பு போன பிறகு அம்மாவுக்குக் கிடைத்த சர்வீஸ் காசு அது. பாதியை பேங்கில் டெபாசிட் போட்டாயிற்று. மீதிப் பாதி இன்று வெளிநாட்டுக்குப் போய்விட்டது. நான் நர்சிங் படிக்க இந்த வீட்டில் இருப்பது அந்தக் காசு மட்டும்தான். அப்பாவிடம் சொல்லவில்லை.

"நான் சொல்லிக்கிடுதேன்" என்கிறாள் அம்மா. எப்போது?

ஜனவரி 15

ஏன் செய்தோம் என்று எழுதிப் பார்க்கிறேன். பயம் குறைகிறதா பார்ப்போம்.

அப்பா அடிக்கடி சொல்வது: "நான் என்ன கூறு கெட்டவனா? பிரிச்சுல்லா போட்டிருக்கேன்." உண்மைதான். வண்டன்மேட்டில் பாட்டத்துக்கு எடுத்த ஒரு தோட்டம், வருஷத்துக்கு இவ்வளவு என்று குத்தகை. ஆனவிலாசத்தில் இன்னொன்று. விலை ஏறட்டும் என்று வியாபாரியின் கிட்டங்கியில் போட்டிருக்கும் மூட்டைகள். போனில் வாங்கிய மசாலா கம்பெனி ஷேர். ஆனால் எல்லாமே ஏலக்காய்! இத்தனை நாளில் இது எனக்கும் தோன்றவில்லை. இந்த ஊரில் யாருக்கும் தோன்றாது.

கிறிஸ்துமஸுக்கு வந்த டின்சியக்காதான் சிரித்துவிட்டாள். பெரியம்மா மகள், கொச்சியில் மியூச்சுவல் ஃபண்ட் ஆபீசில் வேலை. "நாலு சட்டை வச்சிருக்கீங்க சித்தப்பா. எல்லாம் ஒரே துணி. ஒரே வெயில்ல நாலும் சாயம் போகும்."

"நீ கேக்கத் தின்னுட்டுக் கிளம்பு" என்றார் அப்பா. அன்றைக்கே அம்மாவின் காசில் மேட்டுத் தோட்டம் என்று மூன்றாவதாக ஒன்றையும் பாட்டத்துக்கு எடுக்கலாம் என்று ஆரம்பித்துவிட்டார். பிறகு அம்மா அடுப்படியில் அக்காவிடம் கேட்டாள்: "ஏட்டி, ஏலக்காயே தெரியாத ஊரு எங்கட்டி இருக்கு?"

பிப்ரவரி 3

போனில் சிவப்பு. போட்டதைவிடக் குறைந்திருக்கிறது. அழுத்தியது என் விரல்.

பள்ளிக்கூட மூத்திரப்புரைக்குப் பின்னால் நின்று டின்சியக்காவைப் போனில் கூப்பிட்டேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. "இறங்கவே இறங்காதுன்னு நான் எப்ப சொன்னேன்? இதுவும் இறங்கும். சித்தப்பாவோட ஏலக்காய் மாதிரி குதியாட்டம் போடாது, அவ்வளவுதான். இந்த ஃபண்டுல அதிகமா ஆடாத கம்பெனியாப் பொறுக்கி, வருஷா வருஷம் லாபத்துல பங்கு குடுக்கிறவனா எடுத்து வச்சிருக்கு. ஜப்பான்ல போன் கம்பெனி, சுவிஸ்ல மாத்திரைக் கம்பெனி, கனடாவுல கரண்டுக் கம்பெனி. வண்டன்மேட்டுல மழை பெய்யலன்னா கனடாக்காரன் கரண்டு பில்லு கட்டாம இருப்பானா?"

"காசு போயிராதுல்லா அக்கா?"

"அதுக்குத்தானே பாதியை பேங்குல போடச் சொன்னேன். தெனமும் பாக்காத, லூசு. பரீட்சைக்குப் படி."

பார்க்காமல் எப்படி இருப்பது?

பிப்ரவரி 20

அப்பா இன்றைக்கும் மேட்டுத் தோட்டத்துக்குக் காசு கேட்டார். "அது இருக்கிற எடத்துல இருக்கட்டும்" என்றாள் அம்மா. பொய் இல்லை.

மார்ச் 26

பரீட்சை முடிந்தது. இன்னும் மழை இல்லை.

ஏப்ரல் 9

ஆனவிலாசத்துத் தோட்டம் போய்விட்டது. ஏலச் செடித் தட்டைகள் எல்லாம் வெந்து சாய்ந்து கிடக்கின்றன, யாரோ மேலே படுத்துப் புரண்ட மாதிரி. குளத்தில் சேறு வெடித்திருக்கிறது. வண்டன்மேட்டுத் தோட்டத்துக்காவது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அப்பா கிட்டங்கி மூட்டைகளை வந்த விலைக்கு விற்றார். விற்ற பிறகு விலை ஏறியது. கையில் காய் இல்லை. மசாலா கம்பெனி ஷேரும் விழுந்துவிட்டது என்கிறார்.

சாப்பிடும்போது சொன்னார்: "ஏளா, நாளைக்கு ஒன் சர்வீஸ் காசை எடுப்போம். தண்ணி லாரி நிக்காம ஓடணும்."

அம்மா காலியாகாத என் தட்டில் இன்னொரு இடியாப்பத்தை வைத்தாள். நான் அதையே பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அடிக்கிறவர் இல்லை. பேசாமல் இருப்பார். ஒரு தடவை பெரியப்பாவிடம் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தார். அதுதான் பயம்.

ஏப்ரல் 10

ஐயோ. அம்மா சொல்லிவிட்டாள். எப்படிச் சொன்னாள் தெரியுமா?

சாயங்காலம் குடும்ப ஜெபம். எங்கள் வீட்டில் ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும், ஆமென் வரும்வரை யாரும் கண் திறக்கக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது. அப்பா வைத்த சட்டம்தான். அம்மாவின் முறை வந்தது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. என் சர்வீஸ் காசுல பாதி பேங்குல இருக்கு, நீர் அறிவீர். மீதிய நான் ஜப்பானு, சுவிஸ்ஸு, கனடாவுல கம்பெனிகள்ல போட்டிருக்கேன் ஆண்டவரே. பிள்ளையக் குத்தம் சொல்லாதபடிக்குக் காத்துக்கொள்ளும். நான்தான் அமுக்கச் சொன்னேன். எல்லாக் காசும் ஒரே வெயில்ல நிக்கக் கூடாதுன்னுதான் செஞ்சேன். இந்த வீட்டுத் தலைவருக்குப் பொறுமையத் தாரும். ஆமென்."

அடுத்தது அப்பா. தொண்டையைக் கனைத்தார்.

"ஆண்டவரே. இந்த வீட்டில் எனக்கு ஒரு ஸ்தானமும் இல்லைன்னு இன்னைக்குத் தெரியப்படுத்தினீர். ஜப்பான்காரனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. நீர் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீர், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆமென்."

எழுந்து வெளியே போனார். அழுதுகொண்டிருந்த எனக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

ஏப்ரல் 13

பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும். பேங்கில் இருக்கும் பாதியைக்கூட அப்பா கேட்கவில்லை.

ஏப்ரல் 17

அப்பா காலையிலேயே கிளம்பி மேட்டுத் தோட்டத்துக்குப் போய் வந்தார். அம்மாவின் காசில் எடுக்கலாம் என்றாரே, அதே தோட்டம். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"ஒரு தட்டை நிக்கல. அதை எடுத்திருந்தா உன் காசும் கருகியிருக்கும்ளா."

அம்மா தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். நானாக இருந்தால் குத்திக்காட்டியிருப்பேன்.

குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி லிஜி. ஜப்பான்ல என்ன நிலவரம்?"

போனைத் திறந்தேன். போட்டதைவிட ஒரு நூலளவு மேலே. அப்பா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானா? இதுக்கா இந்தப் பாடு?" என்றார். பிறகு, "சரி. இருக்குல்லா."

இருக்குல்லா! இன்றிரவு தூங்குவேன்.

மே 10

ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். நல்ல மார்க். மழையும் வந்தது. எதற்கு முதலில் சந்தோஷப்படுவது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் 22

டிவிடெண்ட் அம்மாவின் கணக்கில் விழுந்தது. பெரிய தொகை இல்லை. அப்பா மெசேஜை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "தண்ணி ஊத்தாமலே காய்ச்சிருக்கு" என்றார், முகத்தைக் கொஞ்சம் கோணிக்கொண்டு.

ஜூலை 28

நர்சிங்குக்கு இடம் கிடைத்தது. முதல் வருஷ பீஸை பேங்கு டெபாசிட்டிலிருந்து கட்டியாயிற்று. வெளிநாட்டில் இருப்பதைத் தொடவில்லை.

சாயங்காலம் மேட்டுத் தோட்டத்துக்காரர் அப்பாவைப் போனில் கூப்பிட்டார். புதுத் தட்டை வைக்கிறாராம், பாதிப் பாட்டத்துக்கே முழுத் தோட்டத்தையும் தருகிறாராம். அப்பாவின் கண்ணில் பழைய பளபளப்பு. போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"என்ன சொல்லுத?"

இதுவரை அவர் அம்மாவிடம் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அம்மா சுளகில் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "உங்க கையில உள்ளதுக்கு எவ்வளவு எடம் வருமோ அவ்வளவு எடுங்க."

"டிவிடெண்ட் காசு?"

"அது பிள்ளைக்கு ஆஸ்டலுக்கு."

அப்பா பெருமூச்சு விட்டுவிட்டுப் போனில் சொன்னார்: "ஒரு மூலை போதும் சேட்டா. நம்ம பணம் மிச்சமெல்லாம் வெளிநாட்டுல இருக்கு."

எங்கள் வீட்டில் யாரோ வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று அந்த ஆள் நினைத்திருக்க வேண்டும். எப்போது போனார்கள், என்ன சம்பளம் என்று மறுமுனையில் கேட்பது எனக்கே கேட்டது.

"அது ஆச்சு, ஆறேழு மாசம்" என்றார் அப்பா.