ஒரே பஸ்ஸில் போகிறோம், மாமி

என் தங்கமான மாமிக்கு, உங்கள் சின்ன மருமகளின் ஸலாம்.

அல்லாஹ் உங்கள் கப்ருக் குழியை விசாலமாக்கி வைக்கட்டும். இதைக் குசினி மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம். எதையாவது அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக் கருக்குகிறவள் என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்த அதே மருமகள்தான். ஆனால் இன்றைக்கு உங்களிடம் பெருமையடிக்க எனக்கு ஒரு செய்தி இருக்கிறது.

குடும்ப ட்ரிப் இந்த வருடம் நடக்கிறது. வழக்கமான நுவரெலியாவுக்கு இல்லை, கொழும்புப் பக்கம் இருக்கும் பெரிய தீம் பார்க்குக்கு. மேல் வீடும் கீழ் வீடும் ஒரே பஸ்ஸில். ஆமாம் மாமி, ஒரே பஸ்ஸில்தான். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாதே.

நீங்கள் இருந்தவரை ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு ட்ரிப் பேச்சுத் தொடங்கிவிடும். பஸ் பேசுவது நீங்கள், யார் எங்கே உட்காருவது என்று சொல்வது நீங்கள், வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்குத் தேசிக்காய் வெட்டி வைப்பது நீங்கள். நுவரெலியா வாவியில் படகு சரிந்து எல்லாரும் அலறும்போது, "தம்பி, இன்னம் கொஞ்சம் வேகமா உடுங்களே" என்று படகுக்காரரிடம் சொன்னதும் நீங்கள்தான். அப்படிப்பட்ட ஆளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போக எனக்குக் கிடைக்கவில்லையே. 

நீங்கள் மௌத்தான வருடம் யாருக்கும் எங்கேயும் போக மனம் இல்லை. அடுத்த வருடம் உங்கள் மூத்த பேத்தி ஹஸ்னாவின் கலியாணம் வந்தது. மேல் வீட்டில் ஹஸ்னாவைப் பெற்ற உங்கள் பெரிய மகன் நியாஸ் மச்சான், கீழ் வீட்டில் உங்கள் சின்ன மகன் ஃபாரிஸ், அதாவது என் வீட்டுக்காரர். கெலிஓயாவில் ஒரே ஒழுங்கையில், ஒரு குசினியில் தாளித்தால் மற்றக் குசினியில் தும்முகிற தூரத்தில் இருக்கும் இந்த இரண்டு வீடும் அந்தக் கலியாணத்தோடுதான் பிரிந்தன.

நம்முடைய ஆட்களுக்குள் கலியாணம் என்றால் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். புருஷனும் பெண்சாதியுமாக நல்ல உடுப்பு உடுத்து, கதிரையில் உட்கார்ந்து, டீ குடித்து, குடும்பத்தோடு வரவேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். கம்பளை, மாவனல்லை, அக்குறணை என்று மச்சான் எல்லா இடமும் போய்ச் சொன்னார். கூப்பிடு தூரத்தில் இருந்த தம்பிக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் கார்ட் வந்தது.

மச்சானைக் கேட்டால், "சொந்த ஊட்டாளுக்கு என்னத்துக்கு அழைப்பு? அவன்தானே முன்னுக்கு நிக்கணும்" என்றார். இவரைக் கேட்டால் அண்ணன் மேல் குறையாக, "எனக்கும் நானாட கடைக்கு வார கஸ்டமருக்கும் ஒரே மெசேஜ்" என்றார். இரண்டு பேரிடமும் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். நிக்காஹ் அன்றைக்கு இவர் பள்ளிவாசலுக்குப் போய் நின்றார். துஆ முடிந்ததும், எல்லாரும் சுற்றியிருந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடும் சஹனில் உட்காராமலே திரும்பி வந்துவிட்டார். சொந்த நானாவின் மகள் கலியாணத்தன்று வீட்டில் பாணும் சம்பலும் சாப்பிட்டார். இருட்டுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சே இல்லை. மச்சானின் பெண்சாதி பௌசியா ராத்தாவும் நானும் குசினிக் கதவால் கறி மாற்றிக்கொண்டோம். பிள்ளைகள் ஃபோனில் குசுகுசுத்துக்கொண்டார்கள். உங்கள் மகன்மார் மட்டும் ஒரே பள்ளியில் ஆளுக்கொரு மூலையில் நின்று தொழுதார்கள். இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்திருக்கும், மாமி? கோபிக்க வேண்டாம், சும்மா கேட்டேன்.

இந்த வருடமும் பெருநாள் முடிந்து யாரும் ட்ரிப் என்று வாய் திறக்காதபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. இதையும் விட்டால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றியது. பிள்ளைகள் கூட்டாளிமாரோடு தனித்தனியாகப் போகப் பழகிவிடுவார்கள். பிறகு இந்தக் குடும்பம் ஒன்றாகச் சேருவது மய்யத்து வீட்டில் மட்டும்தான் என்று ஆகிவிடும். அதை நினைத்த அன்றைக்கே, ட்ரிப்பை நான் நடத்துவது என்று முடிவெடுத்தேன்.

தீம் பார்க்கை ஏன் பிடித்தேன் என்றால், அது யாருமே போகாத இடம். பழைய இடத்துக்குப் போனால் ஆளுக்காள் உங்கள் பேச்சை எடுத்து அழுதுகொண்டிருப்போம். ஆனால் அந்தப் பார்க் பூந்தோட்டத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டுவிட்டு வருகிற விஷயம் இல்லை. எந்த உயரப் பிள்ளை எதில் ஏறலாம், நனைகிற விளையாட்டு முதலிலா கடைசியிலா என்று ஆயிரம் இருக்கிறது. கண் எரிய எரிய வீடியோ பார்த்தேன். பிறகு பார்க்குக்கே ஃபோன் எடுத்தேன்.

தொழ இடம் இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறதாம். பெண்கள் உடம்பு மூடிய குளியல் உடுப்போடு தண்ணீர்ச் சறுக்கில் இறங்கலாமா என்று கேட்டேன், அதற்கென்று இருக்கும் துணியில் தைத்திருந்தால் இறங்கலாமாம். கடைசியாக, புரியாணிச் சட்டி கொண்டு வரலாமா என்று கேட்டேன். ஃபோனில் பேசிய பிள்ளை சிரித்தேவிட்டது. "வெளிச் சாப்பாடு உள்ளுக்கு எடுக்க ஏலாது, மிஸ்" என்றது. "சட்டி இல்லாம நாங்க எப்பிடி மகள் வாற?" என்று நானும் விடவில்லை. வாகனம் நிறுத்தும் இடத்தில் சாப்பிட்டுவிட்டு உள்ளே வரலாம் என்று அதன் வாயாலேயே சொல்ல வைத்தேன். உங்களிடம் படித்ததுதான்.

அந்தத் தைரியத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் திறந்து எல்லாரையும் சேர்த்தேன். மாவனல்லைச் சொந்தக்காரர்கள், அக்குறணைச் சொந்தக்காரர்கள், மேல் வீடு, கீழ் வீடு, ஒருவரையும் விடவில்லை. பார்க்கின் படங்களைப் போட்டதும் பிள்ளைகள் ஒரே கும்மாளம். அன்று பின்னேரம் அதில் ஒரு வரி வந்தது. நியாஸ் மச்சான் குரூப்பில் இருந்து விலகிவிட்டார்.

மாமி, விளங்குகிறதா? வாட்ஸ்அப்பில் கலியாணம் சொன்ன மனிதர், வாட்ஸ்அப்பில் ட்ரிப் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு போகிறார்! நான் சிரித்த சிரிப்பில் என்னவோ ஏதோ என்று இவர் ஓடி வந்தார். ஆனால் சிரிப்பு அடங்குவதற்குள் மாவனல்லையில் இருந்து ஃபோன் வரத் தொடங்கிவிட்டது. "மூத்தாள் வராட்டி நாங்க எப்பிடி வாற?" என்று ஒவ்வொருவராகக் கழன்றார்கள். இவரும் தன் பங்குக்கு, "நானா என்னோட பேசாம நான் அந்த பஸ்ல ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பஸ்காரர் முடிவு கேட்டு நச்சரித்தார். என் பார்க், என் சட்டி, எல்லாம் கையை விட்டுப் போகிற மாதிரி இருந்தது.

மறுநாள் பெருநாளுக்குத் தைத்த அபாயாவை உடுத்தேன். வட்டிலப்பம் அவித்து ஒரு தட்டில் எடுத்தேன். குசினிக் கதவால் போகாமல், ஒழுங்கைக்கு இறங்கிச் சுற்றிப் போய் மேல் வீட்டு முன்வாசலில் நின்று ஸலாம் சொன்னேன். கதவைத் திறந்த ராத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன புள்ள, ஆருக்கும் கலியாணமா?"

"ட்ரிப்புக்கு அழைப்பு செல்ல வந்தீக்கிறேன், ராத்தா."

மச்சான் வந்து கதிரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்து, ராத்தா தந்த டீயைக் குடித்து முடித்துவிட்டு, முறைப்படி சொன்னேன். "வார மாசம் தீம் பார்க் போறோம், மச்சான். நீங்களும் ராத்தாவும், ஹஸ்னாவும் மாப்புளயும், குடும்பத்தோட கட்டாயம் வரணும்."

மச்சான் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். "ஒன்ட மாப்புள வாரானா?"

"தெரியா மச்சான். அவருக்கு இன்னம் ஆரும் செல்ல இல்ல."

"நீ அவனோட ஒரே ஊட்டுலதானே ஈக்கிற?"

"ஊட்டாளுக்கு என்னத்துக்கு அழைப்புன்னு நான் உட்டா, அவர் சஹன்ல ஒக்காராம திரும்பிப் போயிருவார். அவருக்கு செல்ற வேல மூத்தாள்ட வேல. அதுதான் உங்களுக்கு உட்டு வச்சீக்கிறேன்."

ராத்தா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். மச்சான் ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ வட்டிலப்பத்தில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். "உம்மாட கை மாதிரி இல்ல" என்றார். இன்னொரு கரண்டி எடுத்துவிட்டு, "ஆனா குத்தமில்ல" என்றார்.

அதற்குப் பிறகு நாட்கள் போயின, ஒன்றும் நடக்கவில்லை. நான் இவரிடம் வாய் திறக்கவில்லை. அளவுக்கு மிஞ்சிப் பேசிவிட்டேனோ, இருந்ததையும் கெடுத்துவிட்டேனோ என்று மனம் கிடந்து அடித்தது. நீங்கள் இருந்திருந்தால் யாரிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இவர் சாரனோடு சாப்பிட உட்காரும் நேரம், முன் கேற் திறந்தது. வெள்ளை ஜுப்பாவில் அத்தர் மணக்க மச்சான். பின்னால், மகள் கலியாணத்துக்கு உடுத்த அதே சாரியில் ராத்தா. இவர் எழும்பினார், சேர்ட் தேடினார், பிறகு அப்படியே நின்றுவிட்டார். மச்சான் ஸலாம் சொல்லிக் கதிரையில் உட்கார்ந்தார்.

"ஃபாரிஸ், வார மாசம் நாங்க ட்ரிப் ஒன்டு போறோம். பொஞ்சாதி புள்ளகளோட நீ கட்டாயம் வரணும்."

நான் பாடுபட்டுப் போட்ட ட்ரிப்புக்கு, என் வீட்டிலேயே, என் முன்னாலேயே என் புருஷனுக்கு அழைப்பு! குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஹஸ்னாட கலியாணத்துக்கும் இப்பிடி வந்து செல்லியீக்கணும், தம்பி. உம்மா இருந்திருந்தா என்னக் கையப் புடிச்சி இழுத்துட்டு வந்தீப்பாங்க."

இவருடைய கண் நிறைந்துவிட்டது. கடைசியில், "டீ குடிங்க, நானா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பஸ் எத்தன மணிக்கி?" என்று கேட்டார். மச்சானுக்கு அது தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ராத்தாவும் நானும் குசினிக்குள் போய்க் கட்டிப்பிடித்து அழுதோம். சந்தோஷ அழுகைதான். அன்று மதியம் நான்கு பேரும் ஒரே சஹனில் சாப்பிட்டோம். கறி கொஞ்சம் கருகியிருந்தது, யாரும் சொல்லவில்லை. மேலே இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிய வருமா, மாமி? தெரிய வந்திருந்தால் நன்றாக இருக்கும்.

இப்போது எல்லாம் தடபுடலாக நடக்கிறது. குரூப்பை அழித்துவிட்டேன். ராத்தாவும் நானும் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறோம். மாவனல்லையிலும் அக்குறணையிலும் எல்லாரும் வருகிறார்கள். கண்டி டவுனில் ஒரு டெய்லரிடம் பெண்களுக்கெல்லாம் குளியல் உடுப்புத் தைக்கக் கொடுத்திருக்கிறோம். ராத்தா ஊதா நிறம்தான் வேண்டும் என்று நின்று வாங்கியிருக்கிறார். புரியாணிக்கு ஆட்டிறைச்சியா கோழியா என்று உங்கள் மகன்மார் தினமும் ஒழுங்கையில் நின்று சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு எவ்வளவு இனிக்கிறது தெரியுமா? சுபஹு தொழுத கையோடு புறப்பட்டு, பேராதனை தாண்டிக் கடுகண்ணாவை மலையில் பஸ் இறங்கும்போது வெளிச்சம் வந்துவிடும். பஸ்ஸில் முன் சீட் எனக்குத்தான். நீங்கள் இருந்தால் தந்திருக்கவே மாட்டீர்கள்.

அந்தப் பார்க்கில் ரோலர் கோஸ்டர் என்று ஒரு வண்டி இருக்கிறது, மாமி. ஒரு வரிசைக்கு இரண்டு பேர்தான். ஏறி உட்கார்ந்ததும் இரண்டு பேருக்கும் சேர்த்து மடிக்கு மேலே ஓர் இரும்புக் கம்பி வந்து இறுகிவிடும். அதற்குப் பிறகு என்ன கோபம் வந்தாலும் பாதியில் எழும்பிப் போக முடியாது. பயத்தில் பக்கத்தில் இருக்கும் ஆளின் கையைத்தான் பிடிக்க வேண்டும். உங்கள் மகன்மார் இரண்டு பேரையும் அந்த ஒரே வரிசையில் நானே ஏற்றிவிடுகிறேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
அழைக்காமலே உங்கள் வீட்டாளான சின்ன மருமகள்,
கீழ் வீட்டு ரிஸ்மியா