நடுவட்டத்திலிருந்து எறிந்த பந்து

என் பிரியமுள்ள செல்வராசு,

நம் கல்லூரிக் கூடைப்பந்து ஆடுகளத்தை இடித்துவிட்டார்கள் மாப்ள. உன்னிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் போய் அழுவேன்?

இடிக்கப்போவதாகத் தெரிந்ததுமே மருந்துக் கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். பிரின்சிபால் புதியவர். "பசங்க மரத்தடில உக்காந்து படிக்கிறாங்க. கிளாஸ் ரூம் கட்டணும். உங்களுக்குப் பந்துதான் முக்கியமா சார்?" என்று கேட்டார். திரும்பி வந்து கடையைத் திறந்தேன்.

நம் ஆடுகளத்துக்குத் தளம் போட்டபோது, ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் லாரி லாரியாகப் போனாலும், பர்மிட் இல்லாமல் ஒரு மூட்டை சிமெண்ட் கிடைக்காத காலம் அது. அதனால்தானே மேற்குப் பாதிக்கு முதலில் தளம் போட்டு, கிழக்குப் பாதிக்குச் சில வருடம் கழித்துப் போட்டார்கள்? மேற்கே பந்து எகிறும், கிழக்கே சோம்பிக் கிடக்கும். திருச்சியிலிருந்து மிடுக்காக வந்து இறங்கிய டீமெல்லாம் அந்தக் கிழக்குப் பாதியில்தான் மண்ணைக் கவ்வின. நீ மட்டும் அங்கே முழங்காலளவு குனிந்து பந்தைத் தட்டிக்கொண்டு போவாய். உன்னைப் பார்க்கவே மண்மேட்டில் கூட்டம் உட்கார்ந்திருக்கும்.

நம் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். படிப்பு முடிந்து போகிறவன் நடுவட்டத்தில் நின்று கடைசியாக ஒரு பந்தை எறிய வேண்டும். எறிந்த கையோடு முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. பந்து வளையத்தில் விழுந்தாலும் விழாவிட்டாலும் நாங்கள் ஒரே மாதிரி கைதட்டுவோம். என்றைக்காவது அவன் பொங்கல் ஆட்டத்துக்குத் திரும்பி வந்து அதே வட்டத்தில் நின்றால், அன்று பந்தை எடுத்தவன் உண்மையைச் சொல்வான். உன் பந்தை எடுத்தவன் நான்.

"அடுத்த பொங்கலுக்குக் கண்டிப்பா வரேன்டா, லீவு கெடைக்கல" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொன்னாய். கடைசியில் நீ வேலை பார்த்த அந்தச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மண் சரிந்து உன்னை மூடிவிட்டது. இத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் நீ மட்டும் ஏனடா அந்த ஓரத்தில் போய் நின்றாய்?

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, உன் மனைவி தனம் மகளைத் தூக்கிக்கொண்டு ஆலத்தியூரிலிருந்து பஸ்ஸேறி என் கடைக்கு வந்தாள்.

"அவருக்குப் பதிலா நான் வட்டத்துல நிக்கிறண்ணே. சொல்லுங்க" என்றாள்.

கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் போன அன்று வட்டம் ஏது? தளத்தைப் பெயர்த்துக் குவித்திருந்தார்கள். சில துண்டுகளில் நாம் இழுத்த சுண்ணாம்புக் கோடு இன்னும் ஒட்டியிருந்தது. இங்கேதான் இருக்கும் என்று ஒரு குத்துமதிப்பாக ஓர் இடத்தைக் காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஜல்லியின் மேல் ஏறி நின்றாள்.

"விழலம்மா. வளையத்துல பட்டு வெளிய வந்துருச்சு."

அவள் என்னையே பார்த்தாள். "கைதட்டுனீங்களாமே?"

"எல்லாருக்கும் தட்டுவோம்மா."

"வேலையில எவனாவது அவமானப்படுத்திட்டா, வூட்டுக்கு வந்து அதத்தாண்ணே சொல்லுவாரு. 'நான் நடுவட்டத்துலேருந்து போட்டவன்டி, கைதட்டல் இன்னும் காதுல இருக்கு'ம்பாரு. எங்கிட்டயாவது பொய் சொல்லியிருக்கலாமேண்ணே" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பாவி, நீயே எத்தனை பேருக்கு அப்படிக் கைதட்டியிருக்கிறாய்! உனக்கு வந்த கைதட்டலை மட்டும் எப்படியடா நம்பினாய்? எனக்குத் தூக்கமே இல்லை. வழக்கத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அவளிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டேனோ? இடிந்த இடத்தில் எனக்கு எதற்கடா வழக்கம்?

அஸ்திவாரம் தோண்டிவிட்டார்கள். கட்டடம் எழும்பத்தான் போகிறது. இனி அங்கே யாரும் எறியப்போவதில்லை, யாரும் திரும்பி வந்து கேட்கப்போவதும் இல்லை.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். உன் மகள் வளர்ந்து ஒருநாள் என் கடை வாசலில் நின்று, "மாமா, அப்பா போட்ட பந்து விழுந்துச்சா?" என்று கேட்பாள். நான் வாயைத் திறக்க மாட்டேன். எழுந்து நின்று கைதட்டுவேன்.

தனத்துக்கு அண்ணன் ஆனதால் உனக்கு என்றும் மச்சான்,
இராசேந்திரன்