கட்லா செவுளில் இரண்டு பைகள்

செவ்வாய். ஆடிக் கிருத்திகைக்கு மறுவாரம்.

திருவாலங்காட்டு மீன் பண்ணைக்காரர் முனிரத்தினம் இன்று மறுபடி எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு வந்தார். வெள்ளியன்று தன் குளத்துக் கட்லா மீன்களைக் கொண்டுவந்திருந்தார். செவுள் முழுக்க ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஒட்டுண்ணி என்று நுண்ணோக்கியில் அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அதன் ஸ்போர் எனும் வித்துக்குள் இருக்கும் பை ஒன்றா இரண்டா என்பதைப் பொறுத்துப் பேரினம் மாறும். "பை ஒண்ணா ரெண்டான்னு பாத்துப் பெயர் தெரியட்டும், செவ்வாய்க்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டேன்.

நான்கு நாள் சாயமேற்றிப் பார்த்தேன். பை இரண்டு. இந்த வகையை அறிவியல் நெடுங்காலம் ஒற்றைச் செல் உயிர்களோடு வைத்திருந்தது. பிறகு ஜெல்லி மீனுக்கு உறவு என்று கண்டு இடம் மாற்றியது. கட்லாவுக்கு அதனால் ஒரு மாறுதலும் இல்லை.

"மிக்ஸோபோலஸ்" என்றேன்.

"ஆங். அதுக்கு இன்னா மருந்து சார்?"

"மருந்து இல்லீங்க. செத்த மீனைச் சுண்ணாம்பு போட்டுப் புதைச்சிட்டு, குளத்தை வத்தவச்சுக் காயப்போடணும். உயிரோட இருக்கறதை வேற குளத்துல விடக்கூடாது."

"ஒரு பையா இருந்தா?"

"அதுக்கும் இதேதான்."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே சார். நீங்க பாத்துகினு இருக்கீங்களேன்னு, நல்லா இருந்த மீனையெல்லாம் மணவூர்ல அக்காவைக் குடுத்த எங்க பாவா குளத்துல வுட்டுட்டேன். நேத்துலேர்ந்து அங்கயும் மிதக்குது."

நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தேன்.

"பேரை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. பாவா கேப்பாரு."

எழுதினேன். கையால் எழுதினால் பேரினப் பெயரின் கீழ் கோடு இட வேண்டும் என்பது விதி. கோடும் இட்டேன்.